மிச்சம் காலையில

பேய்க்கு ஏற்ற பருவம் கோடைதான் என்பது அக்காவின் கட்சி. மழை, இடி, மார்கழிப் பனி என்று யாராவது எடுத்துக்கொடுத்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். “டெல்லிக் குளிர்ல பேய் எங்கட்டி வரும்? வீடு பூரா ஆளு. ஆளுக்கொரு ரஜாயப் போத்திக்கிட்டு ஹீட்டரச் சுத்தி உக்காந்திருக்கும். அதுக்கு நிக்க எடம் கெடைக்காது. மே மாசம் வரட்டும். பாதி வீடு பூட்டிக் கெடக்கும். அப்பத்தான் அதுக்குச் சௌகரியம்” என்பார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு துளிகூட இருக்காது. புதிதாகக் கேட்பவர்கள் இவர் நிஜமாகவே சொல்கிறாரா, கிண்டலா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கும் தெரியாது.

கோல் மார்க்கெட் பக்கத்தில் பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரு படிக்கட்டுக்குக் கீழே நான்கு, மேலே நான்கு என்று எட்டு வீடுகள். அதில் ஐந்தில் தமிழ்க்காரர்கள். நான் தேர்வெழுதி வேலை கிடைத்து மதுரையிலிருந்து வந்து, மாடியில் ஒரு குடும்பத்தோடு ஓர் அறையில் வாடகைக்கு ஒண்டியிருந்தேன். அக்கா கீழ்வீட்டில் தனியாக இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஏதோ ஓர் அமைச்சகத்தில் எழுத்தர். கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார், அவருக்குப் பதிலாக இவருக்கு வேலை கொடுத்தார்கள் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அவரைவிடப் பெரியவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வருட டெல்லி அவர் நாக்கை ஒன்றும் செய்யவில்லை. காய்கறி வண்டிக்காரரிடம், “பையா, பிண்டி என்னத்துக்கு இவ்ளோ மெஹங்கா?” என்று அவர் வெண்டைக்காய் விலை கேட்கும் இந்தியில் தாமிரபரணி ஓடும். வண்டிக்காரருக்கு அது நன்றாகவே புரியும். அவரும் பதிலுக்கு “அக்கா, கர்மி” என்று வெயில் கொளுத்தும் வானத்தைக் காட்டுவார்.

மே மாதம் நடுவில் பள்ளிகள் மூடியதும் எங்கள் படிக்கட்டு காலியாகிவிடும். புளியோதரைப் பொட்டலங்களும் தண்ணீர்க் கேன்களுமாகப் பெண்களும் பிள்ளைகளும் ரயிலேறுவார்கள். லீவு கிடைக்காத ஆண்கள் மட்டும் தங்குவார்கள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேற்றைய பாத்திரத்தையே கழுவிச் சாதம் வைத்துத் தயிரை ஊற்றிக்கொள்வார்கள். நான் குடியிருந்த வீட்டுக்காரர்களும் ஒன்றரை மாதம் ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்கு லீவும் இல்லை, ஊரில் என்னைக் கூப்பிட ஆளும் இல்லை. அந்த வகையில் நானும் அந்த ஆண்களின் கணக்கில்தான் சேர்த்தி.

எல்லா வீட்டுச் சாவியும் அக்காவிடம் இருக்கும். ஊருக்குப் போனவர்கள் சாவி மட்டுமில்லை, இருப்பவர்களின் மாற்றுச் சாவியும்தான். ஒவ்வொன்றின் தலையிலும் வெவ்வேறு நிற நூல் சுற்றி வைத்திருப்பார். என் அறைக்குச் சிவப்பு. எதிர்வீட்டுக் கும்பகோணம் சாருக்கு மஞ்சள். இன்னொரு கண்டிஷனும் உண்டு. கோடை முடிகிற வரை யாரும் கதவை உள்தாழ்ப்பாள் போடக் கூடாது. பூட்டிக்கொண்டால் போதும். கும்பகோணம் சார் ஒரு தடவை ஆட்சேபித்தார். “தனியா இருக்கற வீட்ல தாழ்ப்பாள் போடாம எப்படிம்மா தூங்கறது?”

“பேய் உள்ள வரக் கூடாதுன்னு தாழ்ப்பாள் போடுதீய. சரி. அது ஏற்கெனவே உள்ள இருந்தா என்ன செய்வீய? எப்படி வெளிய ஓடுவீய?”

அன்றிலிருந்து அவர் தாழ்ப்பாள் போடவில்லை.

கோடை முழுக்க அக்கா வீட்டில் பேய்ப்படம். வாரநாளில் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு படம், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு படம். ஆபீஸில் உடன் வேலை பார்த்த பஞ்சாபிப் பெண்ணின் மகன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பான். மலையாளம், கொரியன், ஸ்பானிஷ் என்று எதுவாக இருந்தாலும் பேய் இருந்தால் போதும். ஜன்னலில் ஈரத் துணி தொங்கும். வெளியே லூ அடிக்கும். அந்த அனல்காற்று கதவிடுக்கில் விசிலடிப்பதற்கும் படத்தின் பின்னணி இசைக்கும் பல சமயம் வித்தியாசம் தெரியாது. கூலரின் சத்தத்தில் வசனம் கேட்காது என்று அக்கா பயங்கரமான கட்டங்களில் கூலரை அணைத்துவிடுவார். வியர்வையும் பயமும் சேர்ந்து வழியும். ஆனாலும் ஒருவரும் எழுந்து போனதில்லை. வெயில் கொளுத்தும்போது முதுகுத்தண்டு சில்லென்று ஆவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அக்காதான்.

கும்பகோணம் சார் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். ஐம்பத்திரண்டு வயது, செக்‌ஷன் ஆபீசர், பார்த்தால் ஆபீஸே நடுங்கும் என்பார்கள். இங்கே சொந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்கதவை ஒட்டிப் போட்டுக்கொள்வார். பேய் வரும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, “போயிடுச்சா? போயிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கீழே இன்னொரு வீட்டில் வேலூர்க்கார ராணுவ ஹவில்தார் ஒருவர். எல்லையில் நின்றவர். அவர் தலையணையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்.

இவ்வளவு ஆசையாகக் கூட்டி உட்காரவைத்துவிட்டு, அக்கா ஒரு அக்கிரமம் செய்வார். படம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, கதாநாயகி கதவின் கைப்பிடியில் கை வைத்திருக்கும்போது, எழுந்து போய் டிவியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொள்வார்.

“மிச்சம் காலையில.”

கெஞ்சினாலும் கிடையாது, கோபித்துக்கொண்டாலும் கிடையாது. காலை ஆறரைக்குப் பால் பூத்துக்கு வர வேண்டும். அங்கே வேப்பமரத்தடியில், இரண்டு பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி, மிச்சக் கதையை வாயால் சொல்வார். ஆள் நேரில் வந்தாக வேண்டும். போனில் கேட்டால் வைத்துவிடுவார். ஒருவர் கேட்டு இன்னொருவருக்குப் போய்ச் சொல்வதும் கூடாது. எல்லோரும் வந்து சேரும்வரை ஆரம்பிக்க மாட்டார். ஏழு மணிக்கும் ஒருவர் வராவிட்டால் மற்றவர்களை நிறுத்திவைத்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சாவியால் கதவைத் தட்டுவார். “மிச்சம் வேண்டாமா?” உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில், “வர்றேங்க்கா” என்று குரல் வந்த பிறகுதான் திரும்புவார்.

“ஏங்க்கா இப்படிச் சித்திரவதை பண்றீங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“முடிவு தெரியாதவன் எப்படியும் எந்திரிச்சு வந்திருவாம்ட்டி” என்றார்.

எனக்கு இது தாங்காது. நான் கதைப்புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவள். தேர்வு முடிவு வருவதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். சின்ன வயதில் எங்கள் வீட்டில், ‘இவளுக்குப் பொறுமைங்கிறது பொறக்கும்போதே இல்ல’ என்பார்கள். அதனால் இரண்டாவது கோடையிலேயே திருட்டுத்தனம் ஆரம்பித்துவிட்டேன். அறைக்குப் போனதும் போனில் படத்தின் பெயரைத் தட்டி, கதையை முழுசாகப் படித்துவிடுவேன். மறுநாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மரத்தடியில் நிற்பேன்.

அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அக்கா சொல்லும் முடிவு படத்தில் இருக்கும் முடிவு இல்லை. படத்தில் கிணற்றில் விழுந்து செத்தவளை அக்கா பிழைக்கவைத்துவிடுவார். படத்தில் மொத்தக் குடும்பமும் எரிந்துபோயிருக்கும், அக்காவிடம் ஒருவருக்கும் சூடுகூடப் பட்டிருக்காது. எல்லாக் கதையும் ஒரே மாதிரிதான் முடியும். கடைசி நிமிடத்தில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். பேப்பர்காரர் தட்டுவார், பக்கத்து வீட்டு அம்மா தட்டுவார், வழி தவறிய தபால்காரர் தட்டுவார். உடனே பேய் போய்விடும், ஆள் பிழைத்துவிடுவார். கொரியப் படத்தில்கூட ஒரு பால்காரர் வந்து தட்டினார்.

மரத்தடியில் மற்றவர்கள் கலைந்த பிறகு மெதுவாகச் சொன்னேன். “படத்துல அப்படி இல்லக்கா. அவ செத்துப்போயிடுறா.”

அக்கா திடுக்கிடவில்லை. “தெரியும். நல்லால்ல. மாத்திட்டேன். சவத்த விடு” என்றார். கொஞ்சம் நடந்தபின், “நீ படிச்சது உன்னோட இருக்கட்டும். அவியகிட்டச் சொல்லிராத” என்றார். குரலில் கெஞ்சல் மாதிரி ஏதோ இருந்தது. நான் சரி என்றேன்.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். படம் ஓடும்போது அக்கா டிவியைப் பார்ப்பதே இல்லை. எங்களுக்கு நேர் எதிரே, டிவிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பயந்து அலறும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்போது எனக்கு அது கொஞ்சம் அருவருப்பாகக்கூட இருந்தது. அடுத்தவர் பயத்தில் என்ன சந்தோஷம் என்று நினைத்தேன்.

அது என்னுடைய மூன்றாவது கோடை. ஜூன் மாதம். மழை வருவதாகப் பேப்பரில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள். கும்பகோணம் சாரின் மனைவியும் இரண்டு பெண்களும் ஒரு கல்யாணத்தைச் சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சாரின் வீட்டுக் கூலர் மோட்டார் இரண்டு நாளாக எரிந்துபோய்க் கிடந்தது. ரிப்பேர்காரர் திங்கட்கிழமை மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகச் சார் திங்கட்கிழமை லீவு போட்டிருந்தார்.

ஞாயிறு மதியம் ஒரு படம். ஒருவன் தனியாக ஒரு வீட்டுக்குக் குடிவருகிறான். பூட்டியிருக்கும் உள்ளறையிலிருந்து தினமும் யாரோ இருமும் சத்தம். ஊரில் யாரும் அவனோடு பேச மாட்டேன் என்கிறார்கள். அவன் எங்கெங்கோ தேடி அந்த அறையின் சாவியைக் கண்டுபிடித்துப் பூட்டில் நுழைக்கும்போது அக்கா பென் டிரைவைப் பிடுங்கிவிட்டார்.

நானும் சாரும் படியேறினோம். அவர் நாற்காலியை நான் தூக்கிக்கொண்டேன். பாதியில் நின்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். முகம் சிவந்து கிடந்தது. துண்டால் பிடரியைத் துடைத்தபடியே இருந்தார்.

“ரெண்டு நாளா தூக்கமே இல்லம்மா. நாளைக்கு ஒரு நாள்தான் லீவு. அன்னைக்கும் ஆறரைக்கு எழுந்திருக்கணுமா? உள்ள யாருன்னு தெரிஞ்சா நிம்மதியா ஒரு பத்து மணி வரைக்கும் தூங்குவேன். உனக்கென்ன தோணுது, யாரா இருக்கும்?”

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது. அங்கேயே போனை எடுத்துத் தேடிப் படித்தேன்.

“அந்த ரூமுக்குள்ள அவனோட பொணமே கெடக்குது சார். அவன் முதல் நாளே இருமி இருமிச் செத்துப்போயிட்டான். ஒருத்தரும் வந்து பாக்கல. அதனால அவனுக்கே தெரியல.”

சார் என்னையே பார்த்தார்.

“அவ்ளோதானா?” என்றார்.

ஏமாந்துபோன முகம். பிறகு, “சரி, அப்ப காலையில நான் வரல. அக்காகிட்ட எதாவது சொல்லிடு” என்று நாற்காலியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் மரத்தடியில் நானும் ஹவில்தாரும் நின்றோம். அக்கா இரண்டு பாக்கெட்டோடு வந்து சுற்றிப் பார்த்தார்.

“கும்பகோணம் எங்க?”

“அவர் இன்னைக்கு லீவுக்கா. தூங்கணும்னார்.”

“மிச்சம் வேண்டாமாமா?” அக்காவின் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. “இரு, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்திருதேன்.”

அவர் போய்த் தட்டினால் சார் உண்மையைச் சொல்லிவிடுவார். நான் முடிவைச் சொன்னது தெரிந்துவிடும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே. இவ்வளவு அற்பமான காரணம்தான். இத்தனை வருடம் தோண்டிப் பார்த்துவிட்டேன், அதற்கு அடியில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை.

“போகாதீங்கக்கா. நான் இப்பத்தான் வரும்போது பாத்தேன். நல்லாத்தான் இருக்கார்.”

அக்கா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். “நீ பாத்தியா?”

“பாத்தேன்க்கா. வாசல்ல நின்னார்.”

“அச்சா” என்று சாவியை விட்டுவிட்டார். எங்களுக்கு மிச்சக் கதையைச் சொன்னார். அவன் சாவியைத் திருப்பும் நேரத்தில் வாசற்கதவைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டினார் என்றார். இருமல் உடனே நின்றுவிட்டது என்றார். அதைக் கேட்டுவிட்டு நான் ஆபீஸுக்குப் போனேன்.

சாயங்காலம் ஆறரைக்கு அக்கா திரும்பி வந்தபோது சார் வீட்டுப் பேப்பர் படியிலேயே கிடந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு மேலே ஓடியதை நான் தெருமுனையிலிருந்தே பார்த்தேன். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் நூல் சாவி பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாயடியில் சார் ஒருக்களித்துக் கிடந்தார். பக்கத்தில் சொம்பு. குழாயிலிருந்து வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்தபடி, “இருக்கீயளா? இருக்கீயளா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு இருந்தது. தொட்ட கை சுட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஹவில்தாரும் நாங்களும் கொண்டுபோனோம். விடியற்காலையிலேயே விழுந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று இந்தியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கூலர் ரிப்பேர்காரர் மதியம் வந்து தட்டியிருக்கிறார். திறக்கவில்லை என்று போய்விட்டார். கண் விழிக்காமலே புதன்கிழமை சார் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி ரயிலில் நாக்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த ஒரு மாலையில் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெரிய பெண் அவர் தோளில் சாய்ந்திருந்தது. சின்னது அப்பாவின் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா எல்லோருக்கும் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“நீதாம்மா அவரக் கடைசியா பாத்தியாம். காலையில நல்லா நின்னுட்டிருந்தாராமே. உன்கிட்ட என்ன சொன்னார்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“நீங்க என்னிக்கு வர்றீங்கன்னு நாள் எண்ணிட்டிருந்தார் மாமி. கூலர் ரெடியாகிடும், வர்றப்ப வீடு சில்லுனு இருக்கும்னார். சின்னவளுக்கு மாம்பழம் வாங்கி வைக்கணும்னார்.”

அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். “வாசல்ல நின்னாரா? சிரிச்ச முகமா இருந்தாரா?” என்று கேட்டார். “ஆமா மாமி” என்றேன். தலையைத் திருப்பியபோது அக்காவைப் பார்த்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அழுகிறவரைப் பார்க்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஓடும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

கீழே இறங்கியதும், “உள்ள வா” என்றார். டிவியின் மேல் துணி போர்த்தியிருந்தது. முக்காலியை எடுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஒரு கதை சொல்லுதேன், கேளு. ஒருத்தி. கல்யாணமாகி ரெண்டு வருசம். தங்கச்சி கல்யாணத்துக்கு மே மாசம் ஊருக்குப் போனா. அவ வீட்டுக்காரருக்கு லீவு கெடைக்கல. இந்தா, இதே வீடுதான். அப்ப வீட்ல போன் கெடையாது. மேல ஒரு வீட்லதான் உண்டு. அவ ஊர்ல எஸ்டிடி பூத்துக்குப் போயி அங்க போன் பண்ணுவா. ஒரு நாளு பண்ணினா. மேல் வீட்டம்மா எடுத்தா. ‘அவரக் கூப்பிடுங்க’ன்னா இவ. அந்தம்மாளுக்கு அந்த வெயில்ல படியெறங்க மனசில்ல. ‘இப்பத்தான் பாத்தேன், நல்லாத்தான் இருக்காரு, நாளைக்குப் பண்ணு’ன்னுட்டா. இவளும் நிம்மதியா போயி மருதாணி வச்சுக்கிட்டா. மறுநாள் பண்ணினா, மறுபடியும் அதே பதில். மூணாம் நாளு பால்காரன் சொன்னான், வாசல்ல மூணு பாக்கெட்டும் எடுக்காம அப்படியே கெடக்குன்னு. உள்தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. கதவ ஒடச்சுத்தான் போகணும். ஆளு உள்ள... அதச் சொல்லல. எந்தப் படத்துலயும் அப்படிக் காட்டல.”

லூ நின்றுபோயிருந்தது. ஜன்னல் துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் விழும் சத்தம் கேட்டது. அக்கா தொடர்ந்தார்.

“அந்தம்மா பொல்லாதவ இல்லட்டி. எனக்கு மொத மாசம் பூரா சோறு போட்டா. எங்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னா, அந்த மனுசன் கடைசியா எம்பேரச் சொல்லிச் சிரிச்சாராம். நானும் நம்பினேன். நம்பாம எப்படி இருக்க?”

சொல்லிவிட்டு எழுந்து முக்காலியைச் சுவரோரம் வைத்தார். “அவ்வளவுதான். முடிஞ்சுது. போ” என்றார்.

அவர் ஒரு கதையை ஒரே மூச்சில் முடிவு வரை சொல்லி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். காலைக்கு என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. நான் படியேறி என் அறைக்குப் போய் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

மறுநாள் ஆறரைக்குப் பால் பூத்துக்குப் போனேன். அக்கா வரவில்லை. ஏழு மணியாயிற்று. திரும்பி வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். என்னிடம் அவர் வீட்டுச் சாவி கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் எல்லோர் சாவியும் அவரிடம் இருந்தது, அவர் சாவி ஒருவரிடமும் இல்லை. இரண்டு கையாலும் அடித்தேன்.

“இருக்கேன். போ” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கதவு திறக்கவில்லை. அதன் பிறகு அக்கா பேய்ப்படம் போடவில்லை. அடுத்த கோடையில் எல்லோருக்கும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னோடு பேசுவார், ஐ.என்.ஏ. மார்க்கெட் போனால் எனக்கும் சேர்த்து அப்பளம் வாங்கி வருவார், எல்லாம் சாதாரணமாக இருக்கும். என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். ஓய்வு பெற்று ஊருக்குப் போகிற அன்று ரயில் ஜன்னலிலும் பிளாட்பாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குவார்ட்டர்ஸை இப்போது இடித்துவிட்டார்கள். பலகைத் தடுப்புக்கு மேலே வேப்பமரத்தின் தலை மட்டும் தெரிகிறது.

நான் டெல்லியிலேயே துவாரகா பக்கம் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன். கோடையில் கணவரையும் பையனையும் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பேன். பையனுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். முடிவுக்கு முன்னால் எழுந்து போய்விடும் அம்மாவை அவன் பயந்தாங்கொள்ளி என்கிறான்.

தினமும் காலை ஆறரைக்கு அக்காவுக்குப் போன் செய்கிறேன். திருநெல்வேலியில் தனியாகத்தான் இருக்கிறார். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். என் பெயரைக் கேட்க மாட்டார், சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். “இருக்கேன்” என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுவார்.

அன்றைக்கு நான் அவரைப் பார்க்கவே இல்லை அக்கா. இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகத்தான் முதன்முதலில் போன் செய்தேன், பத்து வருடமாகிறது. நாளைக் காலையில் சொல்லிவிட வேண்டும்.